பையில் இல்லாத ஃபியூஸ்

ஃபியூஸ் கட்டை இன்ஸ்பெக்டர் தங்கவேலின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. வெள்ளைப் பீங்கான். ஓரத்தில் நீல மையில் 'அ.க.' என்று இரண்டு எழுத்து.

"இது ஒண்ணு போதும் மேடம். இதுதான் கொலை ஆயுதம்," என்றார் தங்கவேல்.

"இதால அடிச்சா பூனைகூட சாகாது சார்," என்றான் வாஜித்.

தேவானை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாஜித் வாயை மூடிக்கொண்டான். அது அவனுக்கு வருஷத்தில் நாலைந்து தடவை நடக்கிற விஷயம். பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு எழுதுகிறவர்களைத் துரத்திவிட்டு, இப்போது அடையாறில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் தேவானை. வாஜித் அவளுக்கு டிரைவர், உதவியாள், தேவைப்படாத நேரத்தில் வேடிக்கை பேசுகிறவன். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்," என்றாள் தேவானை.

தங்கவேல் விரல் விட்டு எண்ணினார். "செத்தவர் அப்துல் கஃபார். அறுபத்து நாலு வயசு. நாப்பது வருஷமா வயர்மேன். ஒரு பல்பு மாத்தணும்னாலும் மெயினை அணைப்பார், ஃபியூஸைக் கழட்டுவார், தன் சட்டைப்பையில போட்டுக்குவார். வேலை முடிஞ்சு கீழ இறங்கினாத்தான் திருப்பி மாட்டுவார். அவ்வளவு கறார். தெருவே சொல்லுது. சரியா?"

"சரி."

"புதன்கிழமை காலைல பதினொண்ணு ஆறு. விழுந்ததுல கைக்கடிகாரம் உடைஞ்சு நின்ன நேரம். ஹால் ஃபேனைக் கழட்டும்போது ஷாக் அடிச்சு ஸ்டூல்லேர்ந்து விழுந்திருக்கார். வெயிலுக்குச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டியிருந்தார். பையில ஃபியூஸ் இல்ல. போர்டுல இருந்துது. இப்படிப்பட்ட மனுஷன் ஃபியூஸைக் கழட்டாம ஸ்டூல் ஏறுவாரா?"

"மாட்டார்."

"அப்போ யாரோ பையிலேர்ந்து எடுத்து மாட்டியிருக்காங்க. வீட்டுல அப்ப இருந்தது ரெண்டே பேர். மருமக உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஆன்லைன்ல பாடம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. இன்னொருத்தன் மகன் ஃபராஸ். செவ்வாய்க்கிழமை இதே ஃபியூஸை அப்பா பையிலேர்ந்து பிடுங்கி மாட்டிட்டு, 'ஒரு நாளு இந்த ஃபியூஸாலயே சாவப் போறீங்க'ன்னு கத்தியிருக்கான். பக்கத்து வீட்டு ராகவேந்திரன் காதால கேட்டிருக்கார்."

"ஃபேன் சுவிட்ச்?"

"அணைஞ்சுதான் இருந்துது. பின்னால வந்து அணைச்சிருப்பான்."

ஃபராஸை புதன்கிழமை சாயங்காலமே பிடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை அடக்கத்துக்கு முன் அப்பாவுக்காக நடந்த ஜனாஸா தொழுகையில் மகன் இல்லை. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை ஜாமீன் மனு. கொலைக் கேஸில் எடுத்தவுடன் யாரும் ஜாமீன் தர மாட்டார்கள். புருஷனை வெளியே கொண்டுவரச் சொல்லி தேவானையிடம் வந்திருந்தவள் அந்த மருமகள், வஜீஹா.

"நீங்க சொல்றதெல்லாம் கோர்வையாத்தான் இருக்கு சார்," என்றாள் தேவானை எழுந்துகொண்டே.

"கோர்வையா இருந்தா மேடம் நம்பமாட்டாங்க சார்," என்றான் வாஜித். "அவங்க சுபாவம் அது."

*

மயிலாப்பூரில் ராயப்பேட்டையை ஒட்டிய சந்தில் அந்த வீடு. ஹாலில் கஃபாரின் தங்கை உம்மே ஹானி பாயில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. தலைக்கு மேலே கொக்கியிலிருந்து அந்த ஃபேன் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை, தைரியமும் வரவில்லை.

"எங்க அண்ணனைக் கொன்னவனை வெளிய எடுக்க வந்திருக்கீங்களா?" என்றார் உம்மே ஹானி. "நல்லா இருங்கம்மா."

தேவானை கையைக் குவித்துவிட்டு உள்ளே நகர்ந்தாள்.

வஜீஹா அவர்களை மாமனாரின் மூலைக்கு அழைத்துப் போனாள். முப்பது வயது இருக்கும். இங்கிலீஷ் டீச்சர். வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கிறவள். குரலைத் தாழ்த்தியே பேசினாள்.

மூலையில் ஒரு கம்பியில் நூற்றுக்கணக்கான சீட்டுகள் குத்தியிருந்தன. வாஜித் ஒன்றை எடுத்து வாசித்தான்.

"செவ்வாய். காலை 10.37 முதல் 10.41 வரை. ஹால் டியூப்லைட் ஸ்டார்ட்டர் மாற்ற மெயின் அணைத்தது. ஃபியூஸ் என் பையில். வேலை முடியவில்லை. அ.க." அவன் தலையைச் சொறிந்தான். "இன்னா மேடம் இது, ஸ்டார்ட்டருக்கு எஃப்.ஐ.ஆர் போட்டு வெச்சிருக்காரு!"

"எல்லா வேலைக்கும் எழுதுவாங்க," என்றாள் வஜீஹா. "ஏழு வருஷமாப் பார்க்கறேன். சுவர்ல பாருங்க."

சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்து. மாதத்தின் இரண்டாவது புதன்: '11.00. ஹால் ஃபேன், கழற்றி எண்ணெய்.' போன மாதமும் அதேதான், அதற்கு முந்தின மாதமும் அதேதான்.

"புதன்கிழமை செத்தபோது செஞ்ச வேலை," என்றாள் தேவானை. "அதுக்குச் சீட்டு எங்க?"

"இல்லை மேடம். கொலைகாரன் எடுத்துட்டான்னு இன்ஸ்பெக்டர் சொல்றார்."

தேவானை கம்பியின் கடைசிச் சீட்டை உருவினாள். அதுவும் செவ்வாய்க்கிழமைச் சீட்டுதான். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"செவ்வாய். பிற்பகல் 3.22 முதல் 3.49 வரை. கோட்டூர்புரம் நூலகம். வேலை: பெடான்டிக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் காணுதல். உதவி: சீதா, தேர்வுக்குப் படிப்பவர், அகராதி அலமாரிக்கு எதிரே மூன்றாம் மேசை. வேலை முடிந்தது. அ.க."

"வார்த்தைக்கு அர்த்தம் பாத்ததுக்கும் சீட்டா!" என்றான் வாஜித். "தும்மினதுக்கு எங்கயாச்சும் கீதான்னு பாக்கட்டா?"

"பெடான்டிக்னா என்னம்மா?" என்று தேவானை வஜீஹாவைக் கேட்டாள்.

வஜீஹா உடனே சொன்னாள், வகுப்பில் சொல்வது போல. "சின்னச் சின்ன விஷயத்துல ரொம்பக் கறாரா இருக்கறது. 'நாலு மணிக்கு வந்தேன்'னு ஒருத்தர் சொன்னா, 'இல்லை, மூணு அம்பத்தெட்டு'ன்னு திருத்தறவங்க. தப்பு கண்டுபிடிச்சுட்டே இருக்கறது. ஆனா அது சரியா இருக்கறதைப் பாராட்டற வார்த்தை இல்லை. முக்கியம் இல்லாததுக்கு உயிரை விடறாங்கன்னு குத்திக்காட்டற வார்த்தை."

"எப்படிப் பயன்படுத்துவாங்க?"

"யாரும் தன்னைப் பத்திச் சொல்லிக்க மாட்டாங்க மேடம். அடுத்தவங்களைத்தான்…" வஜீஹா நிறுத்தினாள்.

"அப்போ அவரை யாரோ சொல்லியிருக்காங்க. யாரு?"

"தெரியலை மேடம்."

தேவானை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"யோசிச்சுப் பாரு," என்றாள் தேவானை, கார் கோட்டூர்புரம் பக்கம் திரும்பும்போது. "செவ்வாய்க்கிழமை காலைல மகனோட சண்டை. சித்திரை மாச மத்தியான வெயில். அறுபத்து நாலு வயசுக்காரர் பஸ் பிடிச்சு நூலகத்துக்குப் போறார். ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க. மறுநாள் செத்துப்போறார். அந்த வார்த்தையைச் சொன்னது யாருன்னு தெரிஞ்சா, எந்தச் சின்ன விஷயத்துல அவர் கறாரா இருந்தார்னு தெரியும். அது யாருக்கோ பெரிய விஷயமா இருந்திருக்கலாம்."

"ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு பட்டறைக்கு வயரிங் செஞ்சுக்கினு இருந்தாராம். அந்த முதலாளியா இருக்கும். கள்ளக் கரண்ட்டைக் கண்டுபிடிச்சிருப்பாரு, போட்டுத் தள்ளிட்டான்."

"இருக்கலாம்."

"மேடம் 'இருக்கலாம்'னா இல்லைன்னு அர்த்தம்."

மூன்றாம் மேசையில் சீதா இருந்தாள். அரசுத் தேர்வுக்கு மூன்றாவது வருடமாகப் படிக்கிறவள். கஃபார் பெயரைச் சொன்னதும் சிரித்தாள்.

"அந்தத் தாத்தாவா? வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு, நாலு நிமிஷம் ஸ்லோன்னு சொன்னார். போய்ப் பார்த்தேன், நிஜமாவே ஸ்லோ. அப்புறம் ஒரு சீட்டை நீட்டினார். தமிழ்ல எழுதியிருந்துது, பெடான்டிக்னு. இங்கிலீஷ்ல எப்படித் தேடறதுன்னு தெரியலை, எடுத்துக் குடும்மான்னார்."

"எடுத்துக் கொடுத்தீங்களா?"

"படிச்சுச் சொன்னேன். சின்ன விஷயத்துல அளவுக்கு மேல கண்டிப்பு, அதனால பெரிய விஷயத்தை விட்டுடறதுன்னு. 'இது திட்டா?'ன்னு கேட்டார். திட்டு இல்லை தாத்தா, ஒரு சலிப்புன்னேன். 'இதை யாரு சொல்வாங்க? பகையாளி சொல்வானா?'ன்னார். பகையாளி எதுக்குச் சொல்றான், கூடவே இருந்து அவஸ்தைப்படறவங்கதான் சொல்வாங்கன்னேன்." சீதா தயங்கினாள். "அகராதியை மூடி என்கிட்ட நீட்டினார். அப்புறம், 'இப்படிப்பட்டவங்களோட இருக்கறது ரொம்பக் கஷ்டமா?'ன்னார்."

"நீங்க?"

"எங்க அப்பா அப்படித்தான். அதனால விளையாட்டா, ரொம்ப ரொம்பக் கஷ்டம்னு சொன்னேன். தலையை ஆட்டினார். பையிலேர்ந்து இன்னொரு சீட்டு எடுத்து மெதுவா ஏதோ எழுதினார். 'உறுதி'ங்கற வார்த்தைக்கு அடியில கோடு போட்டது மட்டும் தெரிஞ்சுது. நாலா மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்." அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க? தாத்தா நல்லா இருக்கார் இல்ல?"

வாஜித் வாயைத் திறந்தான். வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். தேவானைதான் சொன்னாள்.

சீதா புத்தகத்தை மூடிவிட்டாள்.

*

காரில் ஏறியும் வாஜித் சாவியைத் திருப்பவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க. அந்தாளு எதுக்கு இவ்ளோ தூரம் வந்தாரு?"

"அர்த்தம் தெரிஞ்சுக்க."

"அதான் கேக்கறேன். வூட்டுலயே இங்கிலீஷ் டீச்சர் கீது. எங்க வூட்டுல டாக்டர் இருந்தா நான் எதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல போய் க்யூல நிப்பேன்?"

"அந்த டாக்டர் மேலயே உனக்கு மனஸ்தாபம்னா?"

வாஜித் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சீதா சொன்னது கேட்டுதா? கூட இருக்கறவங்கதான் சொல்வாங்க," என்றாள் தேவானை. "ஃபராஸ் பத்தாவதுவரைக்கும் தமிழ்ல படிச்சவன், தமிழ்லதான் கத்துவான். உம்மே ஹானி ஆதம்பாக்கத்துல குடியிருக்காங்க, செத்த சேதி கேட்டுத்தான் வந்தாங்க. அந்த வீட்டுல அந்த வார்த்தை தெரிஞ்ச ஆள் ஒருத்திதான். அர்த்தம் கேட்டப்ப யோசிக்காம ஒப்பிச்சா. யார் சொன்னதுன்னு கேட்டப்பதான் தடுமாறினா."

"நம்மளைக் கூட்டிக்கினு வந்ததே அந்தம்மாதான் மேடம்!"

"ஆமா," என்றாள் தேவானை. அவள் குரலில் சந்தோஷமே இல்லை. "வண்டியை எடு. டெஸ்டர் வெச்சிருக்கியா?"

*

உம்மே ஹானி ஹாலிலிருந்து சாயங்கால அஸர் தொழுகைக்கு எழுந்து போயிருந்தார். போலீஸ் எடுத்துப்போன ஃபியூஸுக்குப் பதிலாக போர்டில் வேறு ஒன்று மாட்டியிருந்தது. வாஜித் ரப்பர் செருப்புக் காலோடு ஸ்டூலில் ஏறினான். ஃபேன் சுவிட்சை தேவானை இரண்டு முறை போட்டு அணைத்துக் காட்டினாள். அணைத்தபடியே விட்டாள். வாஜித் தொங்கிக்கொண்டிருந்த ஒயரின் முனையில் டெஸ்டரை வைத்தான்.

டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

"யம்மா!" வாஜித் குதித்து இறங்கினான். "சுவிட்சு அணைஞ்சுகூட ஒயர்ல உசுரு கீது மேடம். எவனோ வயரை மாத்திக் குடுத்திருக்கான். சுவிட்சை அணைச்சா ஃபேன் நிக்கும், ஆனா கரண்டு மேல வந்து நின்னுக்கினுதான் இருக்கும். தொட்டா காலி."

"இப்படி இருக்கலாம்னுதான் அவர் எப்பவும் ஃபியூஸைக் கழட்டினார்," என்றாள் தேவானை. "எந்த வீட்டுலயும் சுவிட்சை நம்பக்கூடாதுன்னு அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சவரு டெஸ்டராச்சும் வெச்சுப் பாத்திருக்கலாமே!"

"நாப்பது வருஷமா ஒரே வரிசை. சீட்டு, மெயின், ஃபியூஸ், டெஸ்டர். அன்னிக்கு முதல் மூணை விட்டிருந்தா நாலாவது ஞாபகம் வந்திருக்காது. இல்லைன்னா, கறார்னு யாரோ சலிச்சுக்கிட்டதால அதையும் வேணும்னே விட்டிருப்பார்."

வஜீஹா தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"உள்ள வாம்மா," என்றாள் தேவானை. "உன் ரூம்லயே பேசலாம்."

சின்ன அறை. ஒரு மேசை, லேப்டாப், நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு ஃபேன்.

"புதன்கிழமை நீ எடுத்தது சாதாரண வகுப்பு இல்லை, இல்லையா?"

"இன்டர்வியூ மேடம். வெளிநாட்டு ஸ்கூல். டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டணும்."

"செவ்வாய்க்கிழமையும் அதேதானே? பத்து முப்பத்தேழுக்கு கரண்ட் போச்சு, இன்டர்வியூ நடுவுல அறுந்துது."

வஜீஹா தலையை ஆட்டினாள். "இன்வெர்ட்டர் இல்லை மேடம், வீடு முழுக்க ஒரே மெயின். இந்த ரூம்ல செல்ஃபோன் சிக்னலும் வராது. ரெண்டு வருஷமா முயற்சி பண்ணி வந்த இன்டர்வியூ. ஃபராஸ் கத்திட்டு, ஃபியூஸை மாட்டிட்டு வெளிய போயிட்டார். அப்புறம் நான் ஹால்ல வந்து ஃபோன்ல கெஞ்சிக் கேட்டதால மறுநாள் பத்தே முக்காலுக்கு ஒரு சான்ஸ் கொடுத்தாங்க."

"புதன்கிழமை டெமோவுக்கு ரெக்கார்டிங் இருக்கா?"

"அனுப்பியிருக்காங்க. நான் பார்க்கலை."

"போடு."

அவள் மெயிலைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். தேவானையே லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டாள். திரையில் வஜீஹா தலைமுக்காடு போட்டு, சிரித்த முகமாக, தெளிவான இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நாற்பத்தைந்து. பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று.

பதினொன்று ஆறுக்கு எங்கோ கனமான எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. திரையிலிருந்த வஜீஹா ஒரு நொடி நிறுத்தி, மன்னிக்கணும், மாமனார் ஏதோ வேலை செய்கிறார் என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த வஜீஹா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

தேவானை நிறுத்தினாள்.

"ஃபேன் நிக்கவே இல்லை மேடம்," என்றான் வாஜித் மெல்ல. "ஆரம்பத்துலேர்ந்து சுத்திக்கினேதான் கீது. அப்ப ஃபியூஸைக் கழட்டவே இல்ல. கழட்டாத ஃபியூஸை எவன் திருப்பி மாட்டறது?"

"ஃபராஸ் மாட்டலை. யாரும் மாட்டலை," என்றாள் தேவானை. "கோர்ட்ல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. இவ்வளவு கறாரான மனுஷன் அன்னிக்கு மட்டும் ஏன் கழட்டலை? அதுக்கு என்கிட்ட பதில் இல்லை வஜீஹா. உன்கிட்ட இருக்கு. நூலகத்துல அவர் எழுதி நாலா மடிச்ச ஒரு சீட்டு."

வஜீஹா அழவில்லை. எழுந்து, அலமாரியில் அடுக்கியிருந்த துணிகளுக்கு அடியில் கைவிட்டு, தொழுகை விரிப்பின் மடிப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அதே மாதிரிச் சீட்டு, அதே நீல மை, 'உறுதி'க்கு அடியில் ஒரு கோடு.

'வஜீஹா அம்மாவுக்கு. நாளை புதன் காலை 10.45 முதல் 11.30 வரை வீட்டில் மின்சாரம் நிற்காது. உறுதி. அ.க.'

"செவ்வாய் ராத்திரி கதவுக்கு அடியில தள்ளிவிட்டிருந்தாங்க," என்றாள். "ஃபராஸ் போனப்புறம் மாமா அப்படியே நின்னுட்டிருந்தாங்க, கையில ஸ்டார்ட்டரோட. நான் சத்தம்கூடப் போடலை மேடம். டோன்ட் பீ ஸோ பெடான்டிக், மாமான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன். இங்கிலீஷ்ல சொன்னா அவங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சேன். புரியாத வார்த்தையை அவங்க அப்படியே விட்டுடற ஆளா?"

"மறுநாள் அந்த ஃபேனைத் தொடாம இருந்திருக்கலாமே," என்றான் வாஜித்.

"புதன்கிழமை பதினோரு மணி ஃபேனுக்கு. காலண்டர்ல எழுதினதை மாமா மாத்த மாட்டாங்க." அவள் ஹால் பக்கம் பார்த்தாள். "எனக்காக விட்டுக்கொடுக்கணும்னு நினைச்சாங்க. காலண்டரை விட்டிருக்கலாம். ஃபியூஸை விட்டாங்க."

அவருடைய கறாரில் பாதி வெட்டி வேலை, பாதி அவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எது எந்தப் பாதி என்று எந்த அகராதியிலும் போடவில்லை. தேவானை பதினாறு வருடத்தில் எத்தனையோ பேரின் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு சின்னக் குஷி இருக்கும். இன்று அது வரவே இல்லை.

"எங்கிட்ட ஏம்மா வந்தே? இது உன் கையிலயே இருந்துதே."

"வேற வழியில நீங்க அவரை வெளிய கொண்டுவந்துடுவீங்கன்னு நினைச்சேன். இது யாருக்கும் தெரியாமலே." அவள் சீட்டைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நேத்து மெயில் வந்துது மேடம். வேலை கிடைச்சுடுச்சு. டெமோ ரொம்ப நல்லா இருந்துதாம், எந்தத் தடங்கலும் இல்லாம."

வாஜித் அறையை விட்டு வெளியே போய்விட்டான்.

"இந்தச் சீட்டும் உன் வாக்குமூலமும் இருந்தா ஃபராஸ் வெளிய வந்துடுவான்," என்றாள் தேவானை. "இல்லைன்னா திங்கட்கிழமை கஷ்டம். ஆனா நீ சொன்னா, அவனுக்கும் தெரிஞ்சுடும். உன் மாமனார் தங்கச்சிக்கும் தெரிஞ்சுடும். நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"கட்டாயப்படுத்துங்க மேடம்," என்றாள் வஜீஹா.

தேவானை அவள் தோளில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வஜீஹா எழுந்து ஹாலுக்குப் போனாள். உம்மே ஹானி தொழுகை முடித்து வந்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். வஜீஹா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அறையிலிருந்து வார்த்தை கேட்கவில்லை. உம்மே ஹானியின் கையிலிருந்து விரிப்பு நழுவியது மட்டும் தெரிந்தது. அவர் வஜீஹாவை அடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

*

தங்கவேல் ரெக்கார்டிங்கை இரண்டு முறை பார்த்தார். சீட்டை ஒரு முறை படித்தார். டெஸ்டர் விஷயத்தை வாஜித் சொன்னபோது எலெக்ட்ரீஷியனை அனுப்பச் சொல்லி ஃபோன் போட்டார்.

"ஃபியூஸைப் பார்த்ததும் நான் அங்கேயே நின்னுட்டேன் மேடம்," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. "அந்தம்மா வாக்குமூலம் எழுதிக்கறேன். திங்கட்கிழமை நான் எதிர்க்க மாட்டேன்."

வஜீஹா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தங்கவேல் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்கம்மா. செவ்வாய்க்கிழமை நீங்க அவர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னது எத்தனை மணிக்கு?"

"ஃபராஸ் ஃபியூஸை மாட்டிட்டு வெளிய போன உடனே."

"சரி. சுமாரா பத்தே முக்கால்னு போட்டுக்கறேன்."

"இல்லை சார்."

தங்கவேல் நிமிர்ந்தார்.

"பத்து நாப்பத்தொண்ணு," என்றாள் வஜீஹா. "மாமா எழுதி வெச்சிருக்காங்க."

"நாலு நிமிஷத்துல என்னம்மா இருக்கு? சுமாரா இருந்தாப் போதும்."

"போதாது சார். அடிச்சுட்டு, சரியா எழுதுங்க."

தங்கவேல் தேவானையைப் பார்த்தார். வாஜித்தும் அவளைத்தான் பார்த்தான். தேவானை தலையசைத்தாள். இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் மெதுவாக 10.41 என்று எழுதினார். வஜீஹா எட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.